மூடிய கதவைத் தட்டியது யார்? – கணினிப் பாதுகாப்புப் பதிவேட்டின் வரலாறு

விண்டோஸ் கணினிகளில் ஈவென்ட் வியூவர் என்று ஒரு நிரல் உண்டு. அதில் 'செக்யூரிட்டி' என்ற பகுதியை முதன்முறையாகத் திறந்து பார்ப்பவர்கள் பலர் பயந்துதான் போவார்கள். பிணையத் தணிக்கை முடுக்கிவிடப்பட்ட கணினி என்றால் 5152, 5157 என்ற எண்களோடு ஆயிரக்கணக்கான வரிகள் வரிசைகட்டி நிற்கும். ஒரு பாக்கெட் தடுக்கப்பட்டது, ஒரு இணைப்பு தடுக்கப்பட்டது, இன்ன முகவரி, இன்ன போர்ட்... யாரோ இரவு பகலாக உட்கார்ந்து தன் கணினியையே குறிவைத்துத் தாக்குகிறார்கள் என்று தோன்றும்.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். "அதான் தடுத்துவிட்டதே, அப்புறம் என்ன?" என்று மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

இரண்டுமே சரியில்லை. அந்த வரிகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை உலகம் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக, அடிபட்டு அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் வரிகளும் புரியும், பயமும் குறையும், அலட்சியமும் போகும். வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு கூடுதல் மகிழ்ச்சி: இந்தக் கதையின் புகழ்பெற்ற அத்தியாயம் ஒரு கணக்குப் பிழையில்தான் தொடங்குகிறது!

கதவு எண்கள்

முதலில் போர்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஐ.பி. முகவரி என்பது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் முகவரி என்றால், போர்ட் என்பது அதற்குள் இருக்கும் வீட்டு எண். ஒரே கணினியில் இணையப் பக்கம் தரும் நிரல் இருக்கலாம், மின்னஞ்சல் வாங்கும் நிரல் இருக்கலாம். வந்த தகவல் யாருக்கு என்று சொல்வது இந்த எண்தான். 16 பிட் எண் என்பதால் 0 முதல் 65535 வரை செல்லும்.

இந்த எண்களுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டிலேயே எழுதியவர் ஜான் போஸ்டல். அர்ப்பாநெட் காலத்தில் எந்தச் சேவைக்கு எந்த எண் என்ற பட்டியலைப் பராமரிக்கும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டார். 1998-இல் இறக்கும்வரை அந்தப் பணியோடு அவர் பெயர் இணைந்தே இருந்தது. கோப்புப் பரிமாற்றத்துக்கு 21, டெல்நெட்டுக்கு 23, மின்னஞ்சலுக்கு 25 என்றெல்லாம் எண்கள் நிலைபெற்றன. 1995-இல் பின்லாந்தின் டாடு யுலோனன் பாதுகாப்பான எஸ்.எஸ்.எச். முறையை உருவாக்கியபோது 21-க்கும் 23-க்கும் நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த ஒழுங்கில் ஒரு வசதியும் இருந்தது, ஒரு ஆபத்தும் இருந்தது. எந்தச் சேவை எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் என்பது நண்பனுக்கும் தெரியும், திருடனுக்கும் தெரியும்.

75 சென்ட் இடித்தது

1986, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். அந்தக் காலத்தில் கணினியைப் பயன்படுத்திய நேரத்துக்குத் துறைவாரியாகக் கட்டணம் எழுதுவார்கள். அங்கே இரண்டு கணக்கு நிரல்கள் ஒரே பயன்பாட்டைத் தனித்தனியாகக் கணக்கிட்டு வந்தன. ஒரு மாதம் இரண்டுக்கும் 75 சென்ட் வித்தியாசம் வந்தது. வானியலாளராக இருந்து கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்த கிளிஃபோர்ட் ஸ்டோலிடம் அதைக் கண்டுபிடிக்கும்படி சொன்னார்கள்.

75 சென்ட்தானே என்று தள்ளுபடி செய்திருக்கலாம். கணக்கியல் படித்தவர்களுக்குத் தெரியும், இடிக்கும் தொகை சிறியது என்பதால் பிழையும் சிறியது என்று சொல்லிவிட முடியாது. ஸ்டோல் தேடிப்போனார். முகவரி இல்லாத ஒரு பயனர் கணக்கு கிடைத்தது. அதன் பின்னால் யாரோ வெளியாள்! உள்ளே வரும் இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி, அந்த ஆள் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் காகிதத்தில் பதிவு செய்தார். கூடவே நேரம் குறித்து ஒரு நோட்டுப் புத்தகமும் எழுதினார். தடம் கடைசியில் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் போய் நின்றது. மார்கஸ் ஹெஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்க ராணுவக் கணினிகளில் திருடிய தகவல்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுவந்தது தெரியவந்தது. 1990-இல் அவர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆய்வகத்தில் எந்த அபாயமணியும் அடிக்கவில்லை. எழுதி வைத்த இரண்டு கணக்குகள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். பதிவு இருந்ததால்தான் பிழை தெரிந்தது.

எழுதத் தெரியாத கதவுகள்

1988 நவம்பர் 2-ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் விட்ட புழு, அன்றைய இணையத்தில் சுமார் 6,000 கணினிகளை முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. அது நுழைந்த வழிகளில் இரண்டு, திறந்தே கிடந்த கதவுகள். மின்னஞ்சலுக்கான 25, 'ஃபிங்கர்' சேவைக்கான 79. ஒரு கணினியில் யார் யார் இருக்கிறார்கள் என்று வெளியூரிலிருந்து விசாரிக்க உதவுவதுதான் ஃபிங்கர்.

இரண்டு ஆண்டு கழித்து அதே ஃபிங்கர் நெதர்லாந்தில் இன்னொரு தலைவலி தந்தது. ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒருவன் அடிக்கடி நுழைந்து கோப்புகளை மொத்தமாக அழித்துக்கொண்டிருந்தான். அவன் எங்கிருந்து வருகிறான் என்பதை அந்தச் சேவைகள் எழுதி வைக்கவில்லை. அங்கே பணிபுரிந்த வீட்சே வெனமா 1990-இல் ஒரு எளிய யோசனை செய்தார். சேவை நிரலுக்கு முன்னால் ஒரு சின்ன நிரலை உட்கார வைத்தார். யாராவது கதவைத் தட்டினால் முதலில் அது எழுந்து, யார், எந்த முகவரி, எத்தனை மணி என்று எழுதிக்கொள்ளும். பிறகுதான் உண்மையான நிரலை எழுப்பிவிடும். வேண்டாதவர் என்றால் கதவைத் திறக்காமலே எழுதிக்கொள்ளும் வசதியும் அதில் சேர்ந்தது. இதுவே டி.சி.பி. ரேப்பர் என்று புகழ்பெற்றது.

இன்றைய 'தடுக்கப்பட்டது' என்ற வரிக்குக் கொள்ளுத்தாத்தா என்று இதைச் சொல்லலாம். தடுப்பதற்கு முன்னால் எழுதுவதற்காகப் பிறந்தது என்பதுதான் இதில் சிறப்பு.

எல்லாத் தட்டலும் திருடன் இல்லை

எழுத ஆரம்பித்ததும் அடுத்த சிக்கல் வந்தது. வந்து விழுந்த வரிகள் ஏராளம்! அதை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஏ.டி.அண்ட் டி. பெல் ஆய்வகத்தின் ஸ்டீவன் பெல்லோவின். ஃபயர்வால் என்ற கருத்தை உலகுக்கு விளக்கிய முக்கியமான நூலை வில்லியம் செஸ்விக்குடன் சேர்ந்து 1994-இல் எழுதியவர் இவர். அதற்கு முந்தைய ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று, தங்கள் வாசலில் வந்து விழுந்த விநோதமான பாக்கெட்டுகளைப் பற்றியது. உள்ளே நுழையும் முயற்சிகள் அதில் இருந்தன. ஆனால் உள்ளூர் வலைக்குள்ளேயே நின்றிருக்க வேண்டிய அறிவிப்புகள் உலகின் பல மூலைகளிலிருந்து தவறி வந்து விழுந்ததும் தெரிந்தது. தவறான அமைப்பு, தவறான முகவரி, பழுதான நிரல்.

தவறான விலாசத்துக்கு வந்த தபாலும் கதவைத் தட்டத்தான் செய்யும். இந்தப் பாடத்தை 1993-லேயே வல்லுநர்கள் கற்றுவிட்டார்கள். ஆனால் சாதாரணப் பயனர்கள் இதை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டி வந்தது.

வீட்டுக்குள் வந்த ஃபயர்வால்

1998-இல் பேக் ஓரிஃபிஸ், நெட்பஸ் என்ற நிரல்கள் வந்தன. அடுத்த ஆண்டு சப்செவன் வந்தது. ஏமாந்து நிறுவிய கணினியை வேறொருவர் தூரத்திலிருந்து ஆட்டிவைக்க இவை உதவின. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். பேக் ஓரிஃபிஸுக்கு 31337, நெட்பஸுக்கு 12345, சப்செவனுக்கு 27374. கதவுகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் என்மேப் என்ற நிரலோ 1997-லேயே வந்துவிட்டது.

இதே சமயத்தில்தான் பிளாக்ஐஸ், ஸோன் அலாரம் போன்ற வீட்டு ஃபயர்வால்கள் பரவின. இணையத்தில் நுழைந்த சில நிமிடங்களிலேயே திரையில் எச்சரிக்கைப் பெட்டிகள் துள்ள ஆரம்பித்தன. '27374-இல் தட்டல் தடுக்கப்பட்டது' என்று பார்த்தவர், தன் கணினிக்குள் சப்செவன் புகுந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டார். உண்மையில் அந்த வரிக்குப் பொருள் வேறு. ஏற்கெனவே சப்செவன் புகுந்த கணினி எங்கேயாவது இருக்கிறதா என்று ஒருவன் தெருத் தெருவாகத் தட்டிக்கொண்டு போகிறான். இந்த வீட்டிலும் தட்டிப் பார்த்தான். ஆள் இல்லை, போய்விட்டான். வந்தது அவன்; வீட்டுக்குள் யாரும் இல்லை.

பிளாக்ஐஸை உருவாக்கிய ராபர்ட் கிரஹாம், இப்படிப் பயந்து கேட்டவர்களுக்காகவே ஃபயர்வால் பதிவுகளில் காணப்படுபவை என்னென்ன என்று ஒரு நீண்ட கேள்வி-பதில் தொகுப்பு எழுதினார். தொலைபேசி வழி இணைப்பில் ஐ.பி. முகவரி ஒவ்வொரு முறையும் மாறும் அல்லவா? அந்த முகவரியை ஐந்து நிமிடம் முன்பு வைத்திருந்தவர் ஏதாவது கோப்புப் பகிர்வு நிரல் ஓட்டியிருந்தால், அவரைத் தேடிக்கொண்டு வருபவர்கள் புதிதாக வந்தவரின் கதவைத் தட்டுவார்கள். பழைய குடித்தனக்காரரைத் தேடி வரும் கடன்காரர்கள் மாதிரி!

இன்னொரு வகைத் தட்டலை விளக்கியவர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள். ஒருவன் பொய்யான அனுப்புநர் முகவரி போட்டு ஒரு சர்வரைத் தாக்கினால், அந்தச் சர்வர் பதிலை அந்தப் பொய் முகவரிக்குத்தான் அனுப்பும். அதாவது, எதற்கும் சம்பந்தமில்லாத யாரோ ஒருவருக்கு. டேவிட் மூரும் அவருடைய குழுவினரும் யாருமே குடியில்லாத ஒரு பெரிய முகவரித் தொகுதியில் விழுந்த இத்தகைய பதில்களை மட்டும் மூன்று வாரம் சேகரித்து, 5,000-க்கும் மேற்பட்ட இலக்குகள் மீது நடந்த 12,000-க்கும் மேற்பட்ட தாக்குதல்களை 2001-இல் கணக்கெடுத்துக் காட்டினார்கள்.

குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு

வணிகவியல் முதலாண்டிலேயே வரும் பாடம் இது. நடவடிக்கைகள் நடந்த வரிசையில் குறிப்பேட்டில் பதியப்படும். ஆனால் குறிப்பேட்டை மட்டும் வைத்துக்கொண்டு கடையின் நிலையைச் சொல்ல முடியாது. கணக்குவாரியாகப் பேரேட்டில் எடுத்தெழுதினால்தான் எங்கே பணம் போகிறது என்று தெரியும்.

2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஜொஹானஸ் உல்ரிச் தொடங்கிய டிஷீல்ட் இதைத்தான் செய்தது. உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் ஃபயர்வால் தடுத்த வரிகளை அங்கே அனுப்பலாம். அனுப்பிய வரிகள் போர்ட் எண்வாரியாகத் தொகுக்கப்படும். ஒவ்வொருவரின் குறிப்பேடும் சேர்ந்து உலகத்துக்கே ஒரு பேரேடு ஆனது.

அதன் மதிப்பு நான்கு மாதத்திலேயே தெரிந்தது. 2001 மார்ச் 22-ஆம் தேதி, 53 என்ற போர்ட்டைத் தட்டும் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. அது இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையின் கதவு. முதலில் பத்துக்கணக்கில், பிறகு நூற்றுக்கணக்கில் கணினிகள் தட்ட ஆரம்பித்தன. சான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கிய ஆய்வாளர்கள் எச்சரிக்கை அனுப்பி, யாருக்காவது பாதிப்பு உண்டா என்று கேட்டார்கள். மூன்று மணி நேரத்துக்குள் நெதர்லாந்திலிருந்து ஒரு நிர்வாகி தன் கணினியில் பிடிபட்ட புழுவையே அனுப்பி வைத்தார். லினக்ஸ் சர்வர்களைத் தாக்கிய அந்தப் புழுவின் பெயர் லயன். முதல் ஏற்றம் தெரிந்த 14 மணி நேரத்தில் அது என்ன செய்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்ற விளக்கம் 2 லட்சம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது.

யோசித்துப் பாருங்கள். வரி அனுப்பியவர்களில் யாருக்கும் தன் ஒற்றை வரியைப் பார்த்து லயனைக் கண்டுபிடித்திருக்க முடியாது. 53-இல் ஒரு தட்டல் என்பது ஒன்றுமில்லாத செய்தி. எல்லா வீட்டிலும் ஒரே கதவை ஒரே நாளில் தட்டினார்கள் என்பதுதான் செய்தி. மூடிய கதவின் பதிவும் பயனுள்ளது என்று நிரூபணமானது அன்றுதான்.

பத்து நிமிடம்

ஆனால் இந்த வெற்றி நெடுநாள் நீடிக்கவில்லை. 2003 ஜனவரி 25, இந்திய நேரப்படி காலை சுமார் 11 மணி. ஸ்லாமர் என்ற புழு யு.டி.பி. 1434 என்ற போர்ட் வழியாகக் கிளம்பியது. அளவு வெறும் 376 பைட். இந்தக் கட்டுரையின் ஒரு பத்தியை விடவும் சிறியது! தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை இரட்டித்து, பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் 90 சதவீதத்தைப் பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டது. குறைந்தது 75,000 கணினிகள். தென்கொரியாவின் இணையம் திணறியது. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏ.டி.எம்.கள் ஆயிரக்கணக்கில் நின்றன. இதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையில் வெளியிட்டிருந்தது.

லயனுக்கு 14 மணி நேரம் கிடைத்தது. ஸ்லாமருக்குப் பத்து நிமிடம். பேரேட்டில் எடுத்தெழுதி முடிப்பதற்குள் கடையே போய்விட்டது. ஆக, பதிவேட்டைப் படிப்பது மட்டும் போதாது, கதவு முன்பே மூடியிருக்க வேண்டும் என்பது தெளிவானது.

அதே ஸ்லாமர் இன்னொரு பாடமும் சொன்னது. ஒஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தின் ஃபயர்வால், புழு பயன்படுத்திய போர்ட்டைத் தடுக்கும்படிதான் அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் ஒப்பந்ததாரர் ஒருவரின் பிணையத்திலிருந்து ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு வந்த ஒரு தனி இணைப்பு வழியாகப் புழு உள்ளே போனது. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினி அமைப்பு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வேலை செய்யவில்லை. நல்லவேளையாக உலை அப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

முன்வாசல் காவலாளியின் நோட்டில் கொல்லைப்புறமாக வந்தவனின் பெயர் இருக்காது. தடுக்கப்பட்டவற்றின் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும், தடுக்கப்படாமல் போனது அதில் இல்லை. பாதுகாப்புப் பதிவேட்டைப் படிப்பவர்கள் ஒருபோதும் மறக்கக் கூடாத விஷயம் இது.

கதவை மூடியே கொடுத்தார்கள்

அதே 2003, ஆகஸ்ட் 11. பிளாஸ்டர் புழு டி.சி.பி. 135 வழியாக விண்டோஸ் எக்ஸ்.பி., விண்டோஸ் 2000 கணினிகளைத் தாக்கியது. இணையத்தில் இணைந்த சற்று நேரத்தில் '60 விநாடியில் கணினி அணைந்துவிடும்' என்ற பெட்டி வந்ததை அந்தக் காலப் பயனர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருத்தம் வந்து 26 நாள்தான் ஆகியிருந்தது. எக்ஸ்.பி.யில் ஃபயர்வால் 2001-இலிருந்தே இருந்தது. ஆனால் முடுக்கப்படாமல் இருந்தது!

2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2 அதை மாற்றியது. ஃபயர்வால் தானாகவே முடுக்கப்பட்ட நிலையில் வந்தது. கதவுகள் மூடியே கொடுக்கப்பட்டன; வேண்டியவர் திறந்துகொள்ளலாம். தடுத்தவற்றை எழுதும் பதிவு மட்டும் கேட்டால்தான் கிடைக்கும். பயனர் முடுக்கினால் பிஃபயர்வால் டாட் லாக் என்ற கோப்பில் எழுதும்.

சற்று முன்னதாக, 2004 மார்ச்சில், இன்னொரு விநோதம் நடந்தது. விட்டி என்ற புழு தாக்கியது வேறு எதையும் அல்ல, பிளாக்ஐஸ் உள்ளிட்ட ஃபயர்வால் மென்பொருட்களையே! சுமார் 12,000 கணினிகளில் புகுந்து வன்தட்டில் கண்டபடி எழுதி அழித்தது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று. வழக்கமான புழுக்களுக்குச் சேருமிடப் போர்ட் நிலையாக இருக்கும், புறப்படும் போர்ட் மாறும். விட்டிக்கு நேர் எதிர். புறப்படும் போர்ட் எப்போதும் 4000, சேருமிடம் ஒவ்வொரு முறையும் வேறு. சேருமிடத்தை மட்டும் பார்த்துத் தொகுத்தவர்களுக்கு அது சிதறிய குப்பையாகவே தெரிந்திருக்கும். பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதும் முக்கியம்தான்.

இன்றைய வரியை எப்படிப் படிப்பது?

இவ்வளவு வரலாற்றையும் வைத்துக்கொண்டு ஒரு மாதிரி வரியைப் படித்துப் பார்க்கலாம்:

2003-08-12 21:14:32 டிராப் டி.சி.பி. 203.0.113.45 198.51.100.7 3412 135 48

முதலில் நாளும் நேரமும். 'டிராப்' என்றால் பதில்கூடச் சொல்லாமல் தடுத்துப் போட்டுவிட்டது. அடுத்து நெறிமுறை. முதல் முகவரி அனுப்பியவருடையது, இரண்டாவது பெறுபவருடையது. 3412 புறப்பட்ட போர்ட், பெரும்பாலும் தற்காலிக எண். 135 சேருமிடம், அதாவது தட்டப்பட்ட கதவு. 48 என்பது பாக்கெட்டின் அளவு, பைட் கணக்கில். ஆகஸ்ட் 12 என்ற தேதியையும் 135-ஐயும் சேர்த்துப் பார்த்தால் இது யார் என்று வாசகர்களே சொல்லிவிடலாம்!

விண்டோஸின் செக்யூரிட்டி பகுதியில் வரும் நிகழ்வுகளும் இதே விவரத்தைத்தான் சொல்கின்றன. சர்வீஸ் பேக் 2 காலத்தில் 861 என்ற நிகழ்வு பலரைக் கலங்க வைத்தது. ஒரு நிரல் உள்வரும் தகவலுக்குக் காத்திருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் விண்டோஸின் சொந்த நிரலே அது. விஸ்டாவுக்குப் பிறகு வந்த எண்கள் இவை. 5152 என்றால் ஒரு பாக்கெட் தடுக்கப்பட்டது. 5157 என்றால் ஒரு இணைப்பு தடுக்கப்பட்டது. 5031 என்றால் ஒரு நிரல் உள்வரும் இணைப்பை ஏற்க விடாமல் தடுக்கப்பட்டது. 5156 என்றால் இணைப்பு அனுமதிக்கப்பட்டது. நெறிமுறை எண்ணாக இருக்கும்: 6 என்றால் டி.சி.பி., 17 என்றால் யு.டி.பி.

இவற்றில் முதலில் பார்க்க வேண்டியது திசை. உள்ளே வர முயன்று தடுக்கப்பட்டவை பெரும்பாலும் தெருவில் போகிறவர்கள். 137, 138, 1900, 5353 போன்ற போர்ட்டுகளில் வீட்டு வலைக்குள்ளிருந்தே வருபவை பிரிண்டரும் தொலைக்காட்சியும் பக்கத்துக் கணினியும் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் சத்தம். புறப்பட்ட போர்ட் 53 அல்லது 443 என்று இருந்தால் பெரும்பாலும் தாமதமாக வந்த பதில். ஆராய்ச்சிக்காகத் தட்டுபவர்களும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் வெளியிட்ட ஸீமேப் என்ற நிரல், தகுந்த இணைப்பு இருந்தால் உலகின் ஐ.பி. பதிப்பு 4 முகவரிகள் முழுவதையும் ஒரு கணினியிலிருந்தே முக்கால் மணி நேரத்தில் தட்டிவிடும்.

உட்கார்ந்து யோசிக்க வேண்டியது வெளியே போக முயன்ற வரிகளைத்தான். தன் கணினியே முன்பின் தெரியாத நூறு முகவரிகளின் 445-ஐத் தட்டுகிறது என்றால் பிரச்சினை தெருவில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. 2008-இல் கான்ஃபிக்கர், 2017 மே மாதம் வன்னாக்ரை என இரண்டு பெரிய புழுக்களும் பயன்படுத்தியது இந்த 445-ஐத்தான். 2016-இல் மிராய், கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடிக்கப் பழைய 23-ஐத் தட்டியது. போஸ்டல் காலத்துக் கதவு இன்னும் எங்கோ திறந்து கிடந்தது!

அடுத்ததாக எண்ணிக்கை. இந்தத் தணிக்கையை முடுக்கினால் வரிகள் மழையாகக் கொட்டும். செக்யூரிட்டி பதிவேட்டின் அளவோ மாற்றாமல் விட்டால் வெறும் 20 எம்.பி. நிறைந்ததும் பழையவை அழிந்து புதியவை எழுதப்படும். ஆயிரம் வெட்டித் தட்டல்களை எழுதப்போய், ஒரு உண்மையான நுழைவின் வரி அழிந்துபோகலாம். எதை எழுதுவது, எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். இந்தியாவிலும் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவில், நிறுவனங்கள் தங்கள் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. பற்றுச்சீட்டை ஏன் இத்தனை ஆண்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் தணிக்கையாளர் சொல்லும் பதில்தான் இதற்கும்.

முடிவாக...

'தடுக்கப்பட்டது' என்ற ஒரு வரி, பூட்டு வேலை செய்தது என்பதற்குச் சாட்சி. அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அந்த வரியில் இருக்கும் முகவரிக்காரர் மீது கோபப்படவும் தேவையில்லை. அவரும் பெரும்பாலும் புழு பிடித்த ஒரு கணினியின் அப்பாவி உரிமையாளராகத்தான் இருப்பார்.

ஆனால் அந்த வரிகளை ஒட்டுமொத்தமாகத் தூக்கிப் போடவும் கூடாது. 75 சென்ட் ஒரு உளவுக் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்தது. உலகெங்கும் சிதறிக் கிடந்த 53-கள் ஒன்றுசேர்ந்து லயனைக் காட்டிக்கொடுத்தன. ஸ்லாமரும் பிளாஸ்டரும் கதவை முன்கூட்டியே மூடக் கற்றுக்கொடுத்தன. டேவிஸ்-பெஸ்ஸி, பட்டியலில் இல்லாததையும் தேடச் சொன்னது.

குறிப்பேட்டின் ஒவ்வொரு வரியையும் பார்த்துக் கவலைப்படுகிறவர் நல்ல கணக்கர் ஆக முடியாது. குறிப்பேட்டைத் திறக்கவே மாட்டேன் என்பவரும் ஆக முடியாது. அடுத்த முறை அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது திசை என்ன, கதவு எது, எத்தனை முறை, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்ற நான்கு கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். மிரட்டிய அந்த எண்கள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கும்.